செயலாளரின் ஆண்டறிக்கை: 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழுவினரே, இந்த மழையிலும் தக்கலை வரை வந்து சேர்ந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை சங்கம் என்ன செய்தது என்பதை உங்கள் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார், அதில் நான் தலையிடவில்லை. ஆண்டு பிறந்ததே நாடாளுமன்றத் தேர்தலோடும் விளவங்கோடு இடைத்தேர்தலோடும்தான். ஜூன் முதல் வாரம் வரை நடத்தை விதிகள் அமலில் இருந்ததால் கவுன்சிலர்களைக் கூட்டி எதையும் பேச முடியவில்லை. ஆகவே அறிக்கையில் சொல்லும்படியானவை எல்லாம் ஜூலைக்குப் பிறகு நடந்தவை.

இந்த ஆண்டு நாம் கையில் எடுத்தது ஒரே வேலை: தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி உறுப்பினர்களுக்குப் பயிற்சி. அரசு பயிற்சி தருவதில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஊராட்சிகளுக்கு மறைமலைநகரில் மாநில நிறுவனம் இருக்கிறது, நகர்ப்புறத்துக்குக் கோவையில் இருக்கிறது. ஆனால் நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் கணக்கே வேறு. 2022 நகர்ப்புறத் தேர்தலின்போது இங்கே 95 கிராம ஊராட்சிகள், நாகர்கோவில் மாநகராட்சி, நான்கு நகராட்சிகள், இவற்றோடு 51 பேரூராட்சிகள். அப்போது தமிழ்நாட்டில் மொத்தம் ஏறத்தாழ 490 பேரூராட்சிகள்தான். அதில் பத்தில் ஒன்றுக்கு மேல் இந்தச் சின்ன மாவட்டத்தில் இருந்தது. உள்ளாட்சிப் பயிற்சி என்றாலே எல்லோரும் ஊராட்சித் தலைவரை நினைக்கிறார்கள், இல்லையென்றால் மேயரை நினைக்கிறார்கள். நடுவே கிடக்கும் பேரூராட்சி வார்டு கவுன்சிலரை யாரும் நினைப்பதில்லை. குளச்சல் பக்கத்தில் பெட்டிக்கடை நடத்தும் ஒரு பெண் கவுன்சிலர் கடையைப் பூட்டிவிட்டு ராத்திரி முழுக்கப் பயணம் செய்து கோவைக்குப் போவார் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இப்போதிருக்கும் நகர்ப்புற உறுப்பினர்கள் 2022 மார்ச் 2ஆம் தேதி பதவியேற்றார்கள். அன்று நகராட்சிகளும் பேரூராட்சிகளும் நடந்தது 1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின்படி. ஒரு வருஷம் கழித்து, 2023 ஏப்ரல் 13 அன்று, நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் அமலுக்கு வந்தது. 1998இல் இயற்றி இத்தனை காலம் கிடப்பில் இருந்த சட்டம்! அதற்கான விதிகளும் வந்தன. ஆக, பதவியேற்றபோது படித்ததாகச் சொல்லப்பட்ட சட்டமே பாதியில் மாறிவிட்டது. நம் கூட்டத்துக்கு வந்தவர்களிடம் புதிய சட்டத்தைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் யார் என்று கேட்டோம். கை தூக்கியவர்களைவிட ஜன்னல் பக்கம் திரும்பியவர்களே அதிகம்.

முதல் வகுப்பு நேர்மை பற்றிய சொற்பொழிவு. ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் நன்றாகவே பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள். நேர்மையாக இருக்க வேண்டும் என்பது அங்கே வந்த யாருக்கும் புதுச் செய்தி இல்லை. எந்தக் காகிதத்தில் எந்த வரியைப் பார்க்க வேண்டும் என்பதுதான் அவர்களுக்குத் தெரியாமல் இருந்தது. அதன் பிறகு சொற்பொழிவை நிறுத்திவிட்டு, பில்லை எடுத்தோம்.

தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிய ஓர் அளவுப் புத்தக (செய்த வேலையின் அளவுகளை எழுதிவைக்கும் பதிவேடு) நகலைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் சொல்லியிருந்த சந்துக்கே எல்லோரும் போனோம். எந்த ஊர் என்பது வேண்டாம். புத்தகத்தில் நீளம் 60 மீட்டர், அகலம் 3 மீட்டர், கனம் 15 சென்டிமீட்டர். மொத்தம் 27 கன மீட்டர் கான்கிரீட். இரண்டு கவுன்சிலர்கள் டேப் பிடித்தார்கள். நீளம் சரி, அகலம் சரி. குடிநீர்க் குழாய்க்காக ஓரத்தை வெட்டியிருந்த இடத்தில் ஒருவர் குனிந்து ஸ்கேலை வைத்தார். 10 சென்டிமீட்டர்தான் இருந்தது. சந்து முழுக்க அதே கனம் என்றால் 18 கன மீட்டர். மீதி 9 கன மீட்டர் காகிதத்தில் மட்டும் இருக்கிறது. ஒரே இடத்தில் அளந்ததை வைத்து யார் மீதும் பழி போட முடியாது, அது நம் நோக்கமும் இல்லை. ஆனால் திரும்பி வரும் வழியில் ஓர் அக்கா சொன்னார்: “இத முதல்லயே ஒருத்தரு சொல்லித் தந்திருந்தா, கண்ண மூடிட்டு ஒப்பு போட்டிருக்க மாட்டேனே சாரே.” அவர் பதவிக்கு வந்து இரண்டரை வருஷம் ஆகியிருந்தது. நடக்கும் வேலையை நேரில் பார்க்கவும், பொருளின் மாதிரியைச் சான்றளித்துக் கேட்டு வாங்கவும் அதே தகவல் உரிமைச் சட்டத்தில் இடம் உண்டு என்று சொன்னபோது, அதையும் குறித்துக்கொண்டார்.

ஊராட்சிக்காரர்களுக்கு நடத்திய வகுப்பில் படிவம் 30ஐ எடுத்துக்கொண்டோம். கிராம சபையில் வைக்க வேண்டிய வரவு செலவுச் சுருக்கம் அது. காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்று விதி வைத்தது ஒருவரை ஒருவர் கவனிக்கத்தான். புத்தகம் முழுக்க முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வெளிநாட்டில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போனால் அந்த விதி எதற்கு? இதைச் சொன்னதும் கூட்டத்தில் ஒரு சிரிப்பு எழுந்தது. யாரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று எழுதினால் அடுத்த கூட்டத்துக்கு ஆள் வராது.

அப்புறம் மாதிரிக் கூட்டம். கூட்டப் பொருளில் ஒரு டெண்டர். எடுக்க வந்திருப்பவர் ஓர் உறுப்பினரின் மச்சினன். அந்த உறுப்பினர் என்ன செய்ய வேண்டும்? “வாயத் தொறக்காம இருந்தா போதும்” என்றார் ஒருவர். “ஓட்டுப் போடாம இருந்தா சரி” என்றார் இன்னொருவர். எழுந்து நின்று உறவைச் சொல்ல வேண்டும், சொன்னதை நடவடிக்கைக் குறிப்பில் எழுத வைக்க வேண்டும், அந்தப் பொருள் முடியும் வரை வெளியே போயிருக்க வேண்டும் என்று திரும்பத் திரும்ப நடித்துப் பார்த்தோம். உறுப்பினரே ஒப்பந்தத்தில் பங்கு வைத்திருந்தால் பதவியே போய்விடும் என்று ஊராட்சிச் சட்டம் சொல்வது பலருக்குத் தெரிந்திருந்தது. பினாமி பெயர் என்றால் பிரச்சினை இல்லை என்ற நம்பிக்கையும் கூடவே இருந்தது. “நாங்க என்ன கவர்மெண்டு உத்தியோகஸ்தரா?” என்று ஒருவர் கேட்டார். 1988ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்தின்படி நகராட்சி உறுப்பினரும் பொது ஊழியரே என்று 2013இல் உச்ச நீதிமன்றம் ராஜஸ்தான் வழக்கொன்றில் சொல்லிவிட்டது என்று எடுத்துக் காட்டினோம். அன்று மாலை டீ குடிக்கும்போது பேச்சு குறைவாகவே இருந்தது.

பெண் உறுப்பினர்கள் பற்றி. 2016இல் பாதி இடங்கள் பெண்களுக்கு என்று சட்டம் திருத்தப்பட்டது, நல்லது. ஆனால் வகுப்புக்கு அழைத்தால் கணவர்மார் வந்து முன்வரிசையில் உட்காருகிறார்கள். செயற்குழு ஒரு முடிவு எடுத்தது: நாற்காலி தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கு மட்டும், கூட வந்தவருக்கு வராந்தாவில் டீயும் செய்தித்தாளும். ஒருவர் கோபித்துக்கொண்டு மனைவியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அடுத்த வகுப்புக்கு அந்த அம்மா தனியாக ஸ்கூட்டியில் வந்தார். இந்த ஆண்டின் சாதனை எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஒரு பேரூராட்சி அலுவலகத்தில் கூட்ட அரங்கைக் கேட்டுக் கடிதம் கொடுத்தோம். “பயிற்சி குடுக்க நீங்க யாரு?” என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் பதிலைக் கேட்கவும் கொஞ்சம் நேரம் ஒதுக்கியிருக்கலாம். அந்த வகுப்பு பிறகு ஒரு திருமண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது.

2025 ஜனவரி 5ஆம் தேதியோடு ஊராட்சி உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்தது. அதற்கு முந்தைய வாரத்தில் அவர்களுக்கு வழியனுப்புக் கூட்டம் வைக்க நினைத்தோம். ஐயன் வள்ளுவர் சிலையின் வெள்ளி விழா நேரம், கன்னியாகுமரியிலும் நாகர்கோவிலிலும் மண்டபமும் இல்லை, வண்டியும் இல்லை. அதன் பிறகு 95 ஊராட்சிகளும் அரசு நியமித்த தனி அலுவலர்களின் பொறுப்புக்குப் போயின. ஐந்து வருஷம் தட்டுத்தடுமாறிக் கற்றவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அடுத்து வருபவர்கள் மறுபடியும் அரிச்சுவடியிலிருந்து தொடங்குவார்கள்.

பக்கத்தில் கேரளம் என்ன செய்கிறது என்று பாறசாலைப் பக்கம் உறவினர் உள்ள உறுப்பினர்கள் அடிக்கடி சொல்கிறார்கள். அங்கே கிராம சபையே வார்டு வாரியாகக் கூடுகிறது. உறுப்பினர் தன் வார்டு மக்கள் முன்னால் உட்கார்ந்து பதில் சொல்லியாக வேண்டும். திருச்சூர் அருகே உள்ளாட்சிக்கென்றே பயிற்சி நிறுவனம் 1990 முதல் நடக்கிறது. 1956 நவம்பர் 1 வரை நாமும் அவர்களோடு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தவர்கள்தான். அதே நவம்பர் 1ஐ இப்போது தமிழ்நாடு உள்ளாட்சி நாளாக அனுசரிக்கிறது.

மார்த்தாண்டம் பக்கத்து உறுப்பினர் ஒருவரின் மகள் இங்கிலாந்தில் நர்ஸ். அவர் இருக்கும் ஊரின் கவுன்சிலர் என்ன வேலை பார்க்கிறார், எங்கே வீடு வைத்திருக்கிறார், எந்தக் கம்பெனியில் பங்கு என்பதையெல்லாம் மன்றத்தின் இணையதளத்திலேயே பார்க்கலாமாம். அந்த மகள் திரையைப் படம் எடுத்து அனுப்ப, அதை வகுப்பில் காட்டினோம். அங்கே நோலன் பிரபு தலைமையிலான குழு 1995இல் பொதுவாழ்வுக்கு ஏழு நெறிகளை வகுத்தது. 2011ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒவ்வொரு மன்றமும் நடத்தை நெறி வைத்திருக்க வேண்டும், உறுப்பினர் தன் பண நலன்களை 28 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். ஏழு நெறிகளை மனப்பாடம் செய்வதைவிட அந்த ஒரு பக்கப் பட்டியல் நமக்குப் பயன்படும் என்பது என் கருத்து. செயற்குழுவில் எல்லோரும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. “சொத்தை எழுதி ஒட்டினால் வீட்டுக்குத் திருடன்தான் வருவான்” என்றார் ஒரு மூத்த உறுப்பினர்.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். அடுத்த ஊராட்சித் தேர்தலுக்கு முன்பே, நிற்க விரும்பும் எவரும் வரலாம் என்று திறந்த வகுப்பு நடத்த வேண்டும். எந்தக் கட்சிக் கரை வேட்டியும் பரவாயில்லை. மறைவில்லாமல் நலன்களை எழுதித் தரும் ஒரு பக்கப் படிவத்தைத் தயாரித்து, விருப்பமுள்ள கவுன்சிலர்களிடம் கையெழுத்து வாங்க வேண்டும். முதலில் நம் சங்க நிர்வாகிகள் ஆறு பேரும் அதை நிரப்ப வேண்டும். மாற்றுத்திறனாளிகளை உள்ளாட்சிகளில் நியமிக்க 2025 ஏப்ரலில் சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியிருப்பதால், அப்படி நியமிக்கப்படும் உறுப்பினர்களுக்கு ஏறி வரக்கூடிய தரைத்தள இடத்திலேயே இனி வகுப்புகள் நடக்க வேண்டும்.

இவ்வாண்டு நம்மை விட்டுப் பிரிந்த உறுப்பினர்களுக்கு ஒரு நிமிடம் எழுந்து நின்று அஞ்சலி செலுத்திய பிறகு, இந்த அறிக்கையை ஏற்றுத் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்