ஈரத் துண்டுக்கார அண்ணாவுக்கு

போன வாரம் விடியற்காலையில், வலையில் சிக்கி ஒதுங்கிய கடலாமையைத் திரும்பத் தண்ணீருக்குள் தள்ளப் போன மடையன் நான்தான். "வேண்டாம் தம்பி, மயக்கத்துல இருக்கு, மூழ்கிடும்" என்று ஓடி வந்தீர்கள். ஆமைக்கும் நுரையீரல்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

துடுப்புக்காலில் சதைக்குள் புதைந்திருந்த நைலான் இழையை இழுக்கவில்லை நீங்கள். வெளியே நீண்டதை மட்டும் கத்தரித்து, மீதியை மருத்துவருக்கு விட்டீர்கள். வயிறு கீழே இருக்க வைத்து, பின்பக்கத்தை ஒரு சாண் உயர்த்தி, மூக்கை மட்டும் விட்டு உங்கள் துண்டையே நனைத்துப் போர்த்தினீர்கள். மீட்பு வண்டி வரும்வரை வெயிலை மறைத்து நின்றீர்கள். கண்ணோரம் தொட்டபோது இமை லேசாக அசைந்ததே!

பெயர் கேட்பதற்குள் போய்விட்டீர்கள். இன்று மீன் தின்றதாம். துண்டு என்னிடம்தான் இருக்கிறது. ரொம்ப நன்றி அண்ணா.