அம்மாயியின் பச்சை

தம்பி,

தைப்பொங்கலுக்கு வந்தபோது சட்டைக் கையை மடித்து அந்த டாட்டூவைக் காட்டினாய். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் “இதென்ன கோலம்?” என்று கத்தினேன். கோலம்தான், அதுவும் அம்மாயியின் கையில் இருந்த அதே கோலம் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கத்தியதே அதனால்தான்.

அம்மாவின் பயம் வேறு. சோதனைச்சாவடியில் உடம்பில் தழும்பு தேடிய காலத்தைக் கண்டவர். 2014இல் கையில் புத்தர் உருவம் குத்தியிருந்த பிரிட்டிஷ் பெண்ணைக் கட்டுநாயக்க விமான நிலையத்தில் பிடித்து நாடுகடத்தினார்களே, அதை இன்னும் சொல்வார். 2017இல் உயர் நீதிமன்றம் அவருக்கு நட்டஈடும் வழக்குச் செலவுமாக 8 லட்சம் ரூபா கொடுக்கச் சொன்னது அம்மாவின் காதில் ஏறவில்லை.

எனக்கு வந்தது வெட்கம். நீ சின்னப் பிள்ளை, உனக்குத் தெரியாது. 1977 கலவரத்தில் மாத்தளைப் பக்கத்து மலையகத் தோட்டத்திலிருந்து ஓடிவந்து கிளிநொச்சிப் பாரதிபுரத்தில் காடு வெட்டிக் குடியேறியவர்கள் நம் ஆட்கள். அங்கே எங்களுக்கு இளக்காரமாக இன்னொரு பெயர் இருந்தது: தோட்டக்காட்டார். வாய் திறக்கும் முன்னமே அம்மாயியின் கையில் குத்தியிருந்த பச்சை, தோட்டத்து ஆள் என்று சொல்லிவிடும். அதனால் எப்போதும் நீளக் கை ரவிக்கைதான். பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டத்துக்கு வருவதென்றால் கையை மூடிக்கொண்டு வா என்று நானே சொல்லியிருக்கிறேன். கொளுத்துகிற வெயிலில் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தா.

விளக்குக் கரியைத் தாய்ப்பாலில் குழைத்து, மூன்று ஊசியைச் சேர்த்துக் கட்டிக் குத்தினார்களாம். கறுப்புக் கரிதான், தோலுக்கடியில் கிடந்து பச்சையாகத் தெரியும். “நகை நட்டெல்லாம் இங்கேயே கிடக்கும், பச்சைதான் கூட வரும்” என்பா. 2009 சண்டையில் தோடு அரிசிக்குப் போனபோதும் அதையே சொன்னா. எனக்கு எரிச்சலாக இருந்தது.

அப்புறம் மெனிக் பாம், சண்டையில் இடம்பெயர்ந்தவர்களை அடைத்து வைத்த வவுனியா முகாம். தண்ணீருக்கு வரிசை. அம்மாயி வாளியைத் தூக்கும்போது ரவிக்கைக் கை மேலே ஏறிவிட்டது. பின்னால் நின்ற கிழவி ஒருத்தி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “எந்தத் தோட்டம் ஆத்தா?” என்று கேட்டா. அவவின் கையிலும் பச்சை. இரண்டு பேரும் வாளியை வைத்துவிட்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டார்கள். வரிசை நகர்ந்து போனது. நான் கூப்பிட்டும் எழும்பவில்லை. அன்றைக்குத் தண்ணீர் இல்லாமல்தான் கூடாரத்துக்குத் திரும்பினோம். அதற்குப் பிறகு அம்மாயி கையை மூடி நான் பார்க்கவில்லை.

இதை உன்னிடம் யாரும் சொன்னதில்லை. நீ படத்தில் பார்த்து, வடிவாக இருக்கிறதென்று குத்திக்கொண்டாயோ என்னவோ. கத்தியதை மனதில் வைக்காதே.

ஒன்று மட்டும் பிழை. அம்மாயியின் கோலத்துக்குக் கீழே, மணிக்கட்டுப் பக்கம், ஒரு புள்ளி தனியாக நிற்கும். வலி தாங்காமல் கையை இழுத்தபோது விழுந்ததாம். உன் கையில் அது இல்லை.

அக்கா