கடலை விவசாயிகள் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

சங்கத்து அண்ணாச்சிமார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

இந்த வருசம் மாதக் கூட்டம் ஒன்றுகூடத் தவறவில்லை. வரவு செலவைப் பொருளாளர் அண்ணாச்சி வாசிப்பார், சந்தா பாக்கி உள்ளவர்கள் அவரிடமே பேசிக்கொள்ளுங்கள். கிலோ விதைப்பருப்புக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற உயிர்ப் பூசணக்கொல்லி கலந்து விதைத்தவர்கள் வயலில் வேரழுகல் குறைவாகவே இருந்தது. காட்டுப்பன்றித் தொல்லை அப்படியேதான் இருக்கிறது, மனு கொடுத்திருக்கிறோம்.

சரி, முக்கியமான விசயத்துக்கு வருகிறேன். ஐப்பசியில் நம்மவர்கள் சேர்ந்து அனுப்பிய லோடு திரும்பி வந்ததில் எல்லோருக்கும் வியாபாரி மேல் கோபம். எனக்கும் இருந்தது. ஆனால் வந்த மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தேன், வெதுவெதுவென்று சூடு, உடைத்த காயில் பச்சைப் பூசணம். வியாபாரி திருப்பி அனுப்பியது நியாயம்தான். ஆடிப்பட்டத்தில் விதைத்து 105 நாளில் பறித்தால் நம் ராதாபுரம் பக்கம் சரியாக மழை இறங்குகிற நேரம், களத்தில் இரண்டு நாள் வெயில் காட்டிவிட்டு வானம் கறுத்ததும் அவசரமாகச் சாக்கில் அள்ளிவிடுகிறோம், ஈரம் உள்ளேயே நின்றுவிடுகிறது.

அந்தப் பூசணத்தின் பெயர் அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளாவஸ். அது உண்டாக்கும் அஃப்ளடாக்சின் நஞ்சு ஈரலில் புற்றுநோய் வரவைக்கும். வறுத்தாலும் அவித்தாலும் முழுசாகப் போகாது. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்த பிறகுதான் இப்படி ஒரு நஞ்சு இருப்பதே தெரியவந்தது. அவற்றுக்குப் போட்ட தீவனத்தில் இருந்தது பிரேசில் கடலைப் புண்ணாக்கு. நாம் என்ன செய்கிறோம்? நல்ல பருப்பை விலைக்குப் போட்டுவிட்டு, சூம்பலையும் உடைசலையும் வீட்டுச் சட்னிக்கு வைத்துக்கொள்கிறோம், அதிலும் ஆகாததை மாட்டுக்கு வைக்கிறோம். மாடு தின்றால் பாலிலும் இறங்கும், அந்தப் பாலைக் குடிப்பது நம் பிள்ளைகள். ஆப்பிரிக்காவில் கடலை போடும் சிறு விவசாயிகள் வீட்டிலும் இதே நிலைமைதான். நேராகத் தின்னும் கடலையில் கிலோவுக்கு 4 மைக்ரோகிராமுக்கு மேல் இந்த நஞ்சு இருந்தால் ஐரோப்பா உள்ளே விடாது, கழித்துப் போட்டதோ விளைவித்தவர் வீட்டு அடுப்புக்குப் போகிறது. எனக்கு இது ஆறவே மாட்டேன் என்கிறது. நாம் பாடுபட்டு எடுத்ததில் நஞ்சுள்ளதை நாமே தின்பதா? பூசணம் பூத்த பருப்பைக் குழி தோண்டிப் புதையுங்கள், வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள்.

மலாவி நாட்டில் பறித்த செடிகளை வட்டமாகப் போர் அடுக்குகிறார்கள். காய் எல்லாம் உள்பக்கம் பார்த்திருக்கும், நடுவில் புகைபோக்கி மாதிரி காற்றுப் போக இடம் விட்டிருப்பார்கள், நிழலிலேயே மெல்ல உலரும். அடுத்த பருவத்தில் ஒரு வயலிலாவது இதைச் செய்து பார்க்கலாம் என்று கமிட்டியில் பேசியிருக்கிறோம்.

அப்புறம், பூசணம் களத்தில் மட்டும் ஏறுவதில்லை. கடைசி ஒரு மாதம் வயல் வறண்டால் மண்ணுக்குள்ளேயே காயில் ஏறிவிடும், கிணற்றில் தண்ணீர் இருப்பவர்கள் அப்போது ஒரு தண்ணீர் கட்டாயம் விடுங்கள். 40, 45-ஆம் நாளில் மண் அணைக்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போடுவதை யாரும் விட வேண்டாம், அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தில்தான் தோடு கெட்டிப்பட்டுப் பருப்பும் நிறையும். மண்வெட்டி பட்ட காயை நல்ல காயோடு சேர்க்காமல் தனியே போடுங்கள். ஈரம் 8 சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகு மூட்டை பிடித்தால் போதும். குலுக்கினால் கலகலவென்று சத்தம் வருவதை வைத்துத்தான் இதுவரை பார்த்துவந்தோம், இனி சங்கத்துக்கு ஒரு ஈரமானி வாங்கலாம் என்று கமிட்டி முடிவு செய்திருக்கிறது, உங்கள் ஒப்புதல் வேண்டும்.

தார்ப்பாயும் மொத்தமாக எடுத்தால் விலை குறையும். எத்தனை வேண்டும் என்று கூட்டம் முடிந்ததும் என்னிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள், ஆனிக்குள் வாங்கியாக வேண்டும்.