ராட்டினத்தில் நீ சொன்ன பதில்

அன்புள்ள சுதாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் இருவரும், உன் மகனும் நலம். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் கதிர், "விண்வெளி நிலையத்திலும் புவியீர்ப்பு இருக்கிறது அம்மா" என்றபோது, "உன் தாத்தா எனக்கு அப்படிச் சொல்லவில்லையே" என்று சிரித்தாய். எனக்கும் கேட்டது. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

நான் சொன்னது தவறு. அப்போது நீ இரண்டாம் வகுப்பு. தீவுத்திடல் பொருட்காட்சிக்குப் போய்வந்த இரவு, மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுத்திருந்தோம். விண்வெளிக்குப் போன ராகேஷ் சர்மா அங்கே எப்படி மிதந்தார் என்று கேட்டாய். "அங்கே புவியீர்ப்பு கிடையாது" என்றேன். "ஏன் கிடையாது?" என்றாய். "பேசாமல் தூங்கு" என்றேன். வங்கியில் ஆண்டுக் கணக்கு முடிக்கும் நேரம், களைப்பு என்று சாக்குச் சொல்லலாம். உண்மையில் எனக்குத் தெரியாது.

இப்போது அதே மாடி, அதே கேள்வி. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பிய அன்று, வடக்கே அந்த நெருப்புப் புள்ளி ஏறுவதைப் பார்க்கக் கீழ்வீட்டுப் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். அது மறைந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். இந்த முறை ஒரு நாள் அவகாசம் கேட்டு வாங்கிப் படித்துவிட்டுச் சொன்னேன்.

நிலையம் சுற்றுவது ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில். நாம் மதுரைக்குப் பஸ்ஸில் போகிற தூரம்கூட இல்லை. அதற்குள் பூமி பிடியை விட்டுவிடுமா? இங்கே நம்மை இழுப்பதில் பத்தில் ஒன்பது பங்கு அங்கேயும் இழுக்கிறது. நிலையமும் அதற்குள் இருப்பவர்களும் ஓயாமல் விழுந்துகொண்டே இருக்கிறார்கள். ஆனால் பக்கவாட்டில் மணிக்கு 28,000 கிலோமீட்டர் வேகம். விழ விழ, கீழே பூமியும் வளைந்து விலகிக்கொண்டே போகிறது. வீடும் ஆளும் சேர்ந்து விழும்போது காலைத் தாங்க எதுவும் இல்லை. அதைத்தான் மிதப்பது என்கிறோம்.

அன்று மாலை ராட்டினம் உச்சியிலிருந்து இறங்கும்போது என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, வயிறு மேலே வருகிறது!" என்று கத்தினாயே, அதுதான் பதில். நீயே சொல்லிவிட்டாய். எனக்குத்தான் உறைக்கவில்லை.

மற்ற கேள்விகள் எல்லாம் கழிப்பறையைப் பற்றித்தான். அந்த வயதில் வேறு என்ன கேட்பார்கள்? காற்றால் உறிஞ்சி இழுக்கும் குழாய் இருக்கிறது என்றேன். அந்தச் சிறுநீரையும், வியர்வையையும், மூச்சின் ஈரத்தையும் சுத்திகரித்துத்தான் குடிக்கிறார்கள். தண்ணீரில் 98 சதவீதத்தை மீட்டுவிட முடிவதாக 2023இல் நாசா அறிவித்தது. பிள்ளைகள் மாடி அதிரக் கூச்சலிட்டார்கள். உன் அம்மா மட்டும் கூச்சலிடவில்லை. 2019 கோடையில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்றவள் அல்லவா, "பரவாயில்லையே, லாரிக்காரனிடம் கெஞ்ச வேண்டாம்" என்றாள்.

அவளுக்கும் ஒரு கேள்வி இருந்தது: அங்கே விளக்கு ஏற்றினால் எப்படி எரியும்? நான் சிரிக்கப் போனேன். தேடிப் பார்த்தால், மூடிய பெட்டிக்குள் வைத்து அதையே ஆராய்ந்திருக்கிறார்கள். சூடான காற்று மேலே எழாததால் சுடர் கூராக நிற்காதாம். உருண்டையாக, நீலமாக, மங்கலாக எரியும். 90 நிமிடத்துக்கு ஒரு சுற்று என்பதால் நாளைக்குப் பதினாறு அந்தி என்றும் சொன்னேன். "பதினாறு முறை விளக்கு வைக்க என்னால் முடியாது" என்று எழுந்து போய்விட்டாள்.

ஒன்றை உன்னிடம் சொல்ல வேண்டும். பிள்ளைகள் இறங்கிப் போன பிறகு கதிர் தனியாகக் கேட்டான், "அங்கே அழுதால் கண்ணீர் கீழே விழுமா தாத்தா?" விழாது, கண்ணிலேயே உருண்டையாகத் திரண்டு ஒட்டிக்கொள்ளும், கனடாவின் விண்வெளி வீரர் கிறிஸ் ஹாட்ஃபீல்டு 2013இல் கண்ணில் தண்ணீர் விட்டே காட்டியிருக்கிறார் என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்படியானால் துண்டு எடுத்துப் போக வேண்டும்" என்றான். எதற்குக் கேட்டாய் என்று நான் கேட்கவில்லை. நீ கிளம்பி ஏழு வாரம் ஆகிறது. தூங்கும் நேரத்துக்கு முன்னால் கூப்பிட முடிந்தால் கூப்பிடு. ஞாயிறு மட்டும் அவனுக்குப் போதவில்லை.

பார்சல் அனுப்பியிருக்கிறேன். மாவடு ஜாடியில் நான்கு குறையும். நம் விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா 2025இல் நிலையத்துக்குக் கேரட் அல்வா கொண்டுபோனார் என்று சொல்லப்போக, இவன் தன் பயணத்துக்குச் சாமான் சேர்க்கத் தொடங்கிவிட்டான். முறுக்கு ஆகாதாம், தூள் மிதந்து கருவிகளுக்குள் போய்விடுமாம். மாவடு உதிராது என்று அவனே கண்டுபிடித்து, நான்கை ஒரு டப்பாவில் எடுத்து வைத்திருக்கிறான். நேற்றுப் பார்த்தேன், மூன்றுதான் இருக்கிறது.

அன்புடன்,
அப்பா