அளவைக் குறைத்தால் மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

வயதான பெண்களுக்கான உணவுக் குறிப்பு எங்கே வந்தாலும் முதல் வரி ஒன்றுதான்: அளவைக் குறையுங்கள். அதைப் படித்துப் படித்தே 71 வயதான என் அம்மா, ராத்திரிக்கு ஒரு டம்ளர் பாலும் இரண்டு பிஸ்கட்டும் போதும் என்று நிறுத்திக்கொண்டார். ஒரே வருடத்தில் கைக்கடிகாரப் பட்டையில் இரண்டு ஓட்டை உள்ளே தள்ளிப் போட வேண்டியதாயிற்று. பார்த்தவர்கள் எல்லாம் "நல்லா இளைச்சிட்டீங்களே" என்றார்கள், நானும்தான் சந்தோஷப்பட்டேன். அப்புறம் ஒரு நாள், நாற்காலியில் இரண்டு கையையும் ஊன்றி, முன்னும் பின்னும் ஆடி, மூன்றாவது முயற்சியில் அவர் எழுந்ததைப் பார்த்தபோதுதான், கரைந்தது கொழுப்பு மட்டுமல்ல, தசையும்தான் என்று உறைத்தது.

வயதானால் உடம்புக்குக் குறைந்த கலோரி போதும் என்பது பொய் இல்லை. 2021ல் சயன்ஸ் இதழில், 29 நாடுகளில் 6,400க்கும் மேற்பட்டவர்களை வைத்து ஓர் ஆய்வு வந்தது. உடல் அளவைக் கணக்கில் எடுத்துப் பார்த்தால், 20 வயதிலிருந்து 60 வரை உடம்பு செலவழிக்கும் சக்தி ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கிறது, அதற்குப் பிறகுதான் வருடத்துக்குச் சுமார் 0.7 சதவீதம் குறைகிறது என்றது அது. மாதவிலக்கு நின்றதுமே உடம்பு மந்தமாகிவிடும் என்று பயந்து 50 வயதிலேயே பட்டினி கிடக்கிற பெண்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் கலோரி குறைகிற மாதிரி புரதத் தேவை குறைவதில்லை, கூடத்தான் செய்கிறது. பெரியவர்களுக்குப் பொதுவாகச் சொல்வது ஒரு நாளைக்கு எடையில் கிலோவுக்கு 0.8 கிராம், முதியவர்களுக்கோ 1 முதல் 1.2 கிராம் வேண்டும் என்கிறார்கள் வல்லுநர்கள் (சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்). 55 கிலோ எடை என்றால் குறைந்தது 55 கிராம். ஒரு முட்டையில் இருப்பதே 6 கிராம்தான், அம்மாவின் ராத்திரிப் பாலிலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் தேறும். பி12 சத்தை உறிஞ்சும் திறனும் வயதோடு குறைகிறது. ஆக, தட்டு சின்னதாக ஆக அதில் இருப்பது சத்தானதாக இருக்க வேண்டும். சாப்பாடு மட்டும் போதாது, தசைக்கு வேலையும் கொடுக்க வேண்டும். வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் முதியவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறது. நடைப்பயிற்சியோடு விட்டுவிடுகிறோம்.

அம்மா உங்கள் மருத்துவப் பக்கத்தைக் கத்தரித்து ஃபைலில் வைக்கிறவர். அடுத்த முறை 'குறையுங்கள்' என்று போடும்போது, எதைக் குறைக்கக் கூடாது என்பதையும் பக்கத்திலேயே, பெரிய எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி