துடுப்பு மீன் செய்தியும் இலவசமாகக் கிடைக்கும் கடலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். துடுப்பு மீன் (oarfish) என்ற நீளமான ஆழ்கடல் மீன் கரை ஒதுங்கினால் நிலநடுக்கம் வரும் என்று உங்கள் நாளிதழில் மறுபடியும் ஒரு செய்தி. எங்காவது ஒரு மீன் ஒதுங்கினால் போதும், படத்தை மட்டும் மாற்றி இதே செய்தி வந்துவிடுகிறது. ஜப்பானில் அப்படி ஒரு நம்பிக்கை இருப்பது உண்மைதான். ஆனால் அதே ஜப்பானில் ஆய்வாளர்கள் 1928 முதல் 2011 வரை இந்த மாதிரி ஆழ்கடல் மீன்கள் தென்பட்ட 336 சம்பவங்களையும் 221 நிலநடுக்கங்களையும் ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தி வருவது ஒன்றே ஒன்றுதான் என்று 2019இல் எழுதிவிட்டார்கள். இதைத் தேடிப் பிடிக்க ஐந்து நிமிடம் ஆகாது, காசும் வேண்டாம்.

குறை சொல்ல மட்டும் எழுதவில்லை. கடலைப் பற்றியும் உயிர்களைப் பற்றியும் தெரிந்துகொள்ள அசல் இடங்களே திறந்து கிடக்கும்போது, நாம் ஏன் நாலாவது கை ஃபார்வர்டை நம்பியிருக்கிறோம் என்பதுதான் என் கேள்வி. கடல் செய்தி எதைப் போட்டாலும், கடைசியில் 'அசலை இங்கே பார்க்கலாம்' என்று ஒரு வரி சேர்க்க முடியாதா?

மீன் என்றால் ஃபிஷ்பேஸ் என்ற இணையத் தகவல் தளம். 35,000 இனங்களுக்கு மேல் இருக்கிறது. துடுப்பு மீனை அதன் ஆங்கிலப் பெயரில் தேடினால் எந்த ஆழத்தில் வாழ்கிறது, எவ்வளவு நீளம் வளரும், என்ன சாப்பிடும் எல்லாம் வரும். அவ்வளவு பெரிய மீன் தின்பது கூனிப்பொடி மாதிரியான சின்னச் சின்ன உயிர்களைத்தான் என்று தெரிந்தாலே பாதி பயம் போய்விடும். மீன் அல்லாத கடல் உயிர்களுக்கு வோர்ம்ஸ் என்ற பதிவேடு. துறை வல்லுநர்களே பார்த்துச் சரிசெய்வது. பார்க்க வறட்சியாகத்தான் இருக்கும், வெறும் பெயர்ப் பட்டியல். ஆனால் பாறைகளில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரே ஒரு சின்ன நத்தைக்கு ஆளாளுக்கு வைத்த அறிவியல் பெயர்கள் 113 என்று அங்கே கண்டுபிடித்திருக்கிறார்கள், இத்தனைக்கும் எல்லாம் ஒரே இனம். இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதே எவ்வளவு பெரிய வேலை!

எனக்கு மிகவும் பிடித்தது நேரலைதான். ஷ்மிட் ஓஷன் இன்ஸ்டிடியூட், அமெரிக்க அரசின் கடல், வானிலை அமைப்பான நோவா, நாட்டிலஸ் என்ற ஆய்வுக் கப்பல்காரர்கள் எல்லோரும் நீர்மூழ்கி ரோபோவைக் கடலடிக்கு இறக்கும்போது அதன் கேமரா பார்ப்பதை அப்படியே இணையத்தில் விடுகிறார்கள். பல மணி நேரம் ஒன்றுமே நடக்காது. சேறு, விளக்கு வெளிச்சத்தில் மேலிருந்து உதிர்ந்துகொண்டே இருக்கும் வெள்ளைத் துகள்கள், நடுவே ஒரு கடல் வெள்ளரி. திடீரென்று ஏதோ ஒன்று நீந்திப் போகும், கப்பலில் இருப்பவர் 'இது என்ன?' என்பார், கரையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் நிபுணர் 'தெரியவில்லை, கொஞ்சம் கிட்டே போங்கள்' என்பார். விஞ்ஞானி வாயால் 'தெரியவில்லை' என்று கேட்பது பள்ளிப் பிள்ளைகளுக்கு எந்தப் பாடப் புத்தகத்திலும் கிடைக்காது. கொலோசல் ஸ்க்விட் என்ற ராட்சதக் கணவாய்க்குப் பெயர் வைத்தது 1925இல். அது தன் இடத்தில் உயிரோடு நீந்துவதை முதன்முதலாகப் படம் பிடித்தது சரியாக நூறு வருடம் கழித்து, 2025 மார்ச்சில், ஷ்மிட் நிறுவனத்தின் ரோபோதான். பெயர்தான் ராட்சதம், சிக்கியது ஒரு குட்டி, ஏறக்குறைய 30 சென்டிமீட்டர், கண்ணாடி மாதிரி உடம்பு. அந்த வீடியோவும் இலவசம்தான்.

அப்புறம் ஆர்கோ மிதவைகள். உலகக் கடல்களில் ஏறத்தாழ 4,000 இருக்கின்றன. ஒவ்வொன்றும் 1,000 மீட்டர் ஆழத்தில் மிதந்து, 2,000 மீட்டர் வரை இறங்கி, பத்து நாளைக்கு ஒருமுறை மேலே வந்து வெப்பநிலையையும் உப்புத்தன்மையையும் செயற்கைக்கோளுக்கு அனுப்பும். ஆராய்ச்சியாளர் பார்க்கும் அதே எண்களை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையும் பார்க்கலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

உயிரியல் பக்கம் வந்தால் ஓப்பன்ஸ்டாக்ஸ். ரைஸ் பல்கலைக்கழகம் தருகிற, ஆயிரம் பக்கத்துக்கு மேல் போகும் கல்லூரிப் புத்தகம், பிடிஎஃப் ஆகவே இறக்கிக்கொள்ளலாம் (போனில் திறந்தால் திணறும், அத்தியாயம் அத்தியாயமாக இணையத்திலேயே படிப்பது மேல்). பயோஇன்டராக்டிவ் தளத்தில் அண்டார்டிக் பனிமீன் பற்றி ஒரு குறும்படம் இருக்கிறது. அந்த மீனின் ரத்தம் சிவப்பு இல்லை, ஹீமோகுளோபினே கிடையாது. உறைய வேண்டிய குளிரில் ரத்தம் உறையாமல் இருக்க ஒரு புரதமும் வைத்திருக்கிறது. பரிணாமம் என்றால் குரங்குப் படம் மட்டும்தான் என்று நினைக்கும் யாரையும் உட்கார வைத்துக் காட்டலாம். பழைய படங்கள் பிடிக்கும் என்றால் பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி என்ற இணைய நூலகம். 1872 முதல் 1876 வரை கடல் கடலாகச் சுற்றிய சேலஞ்சர் என்ற பிரிட்டிஷ் ஆய்வுக் கப்பலின் அறிக்கைகளும், அவற்றில் ஜெர்மன் உயிரியலாளர் ஹெக்கல் வரைந்த ரேடியோலேரியா (ஒற்றைச் செல் கடல் உயிர்கள்) படங்களும் அங்கே இருக்கின்றன. ஒரு மாலை நேரம் போவதே தெரியாது.

பெரும்பாலும் ஆங்கிலம்தான், மறைக்கவில்லை. யூடியூபில் தானியங்கித் தமிழ் சப்டைட்டில் போட்டுப் பார்க்கலாம், ஆனால் உயிரினப் பெயர்களை அது படுத்தும் பாடு பெரிய கூத்து. 'இலவசப் பாடம்' என்று ஆரம்பித்துச் சான்றிதழுக்குக் காசு கேட்கும் தளங்களிடமும் ஏமாற வேண்டாம்; கற்றுக்கொள்ளச் சான்றிதழ் எதற்கு?

மேலே சொன்ன கப்பல்களின் பயண விவரங்களும் அந்தந்தத் தளத்திலேயே கிடைக்கும். இந்த வாரம் எந்தக் கப்பல் எந்தக் கடலில் ரோபோவை இறக்குகிறது என்று திங்கள்தோறும் இரண்டு வரி போடுங்களேன். ராசிபலனுக்குப் பக்கத்தில் அவ்வளவு இடம் இருக்கத்தான் செய்யும்.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகர்