கத்தியைக் கொடுக்கும் முன் காலணியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாடுகளிலிருந்து படிப்புச் சுற்றுலாவாக வரும் மாணவர்களை, ஒரு நாள் தோட்ட வேலை செய்யட்டும் என்று நம் கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் விளைகளுக்கும் (தோப்புகளுக்கும்) வாழைத் தோட்டங்களுக்கும் கூட்டி வருவதை வரவேற்கிறோம். முக்கடலையும் வள்ளுவர் சிலையையும் பார்த்துவிட்டுப் போகிறவர்கள், இங்கே என்ன விளைகிறது, அதற்கு யாருடைய கை எவ்வளவு உழைக்கிறது என்று தெரிந்துகொண்டு போவது நல்லதுதான். ஆனால் அந்த ஒரு நாளில் எந்த வேலையைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கவே கூடாது என்று விளைக்காரர்களும் சுற்றுலா ஏற்பாட்டாளர்களும் முன்கூட்டி உட்கார்ந்து பேசிக்கொள்ள வேண்டும்.

கொடுக்கவே கூடாதது பால்வெட்டுக் கத்தி. ஒட்டு ரப்பர் மூடு (மரம்) ஏழு வருடம்போல வளர்ந்து, ஒட்டு இணைந்த இடத்திலிருந்து 125 செ.மீ. உயரத்தில் சுற்றளவு 50 செ.மீ. எட்டிய பிறகுதான் வெட்டுக்கு எடுக்கிறோம். இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாக, சுமார் 30 டிகிரி சரிவில், பாதிச் சுற்றளவுக்கு, ஒன்றரை மில்லிமீட்டர் பட்டைக்கு மேல் போகாமல் சீவ வேண்டும். பால் குழாய்கள் நெருங்கிக் கிடப்பது பட்டையின் உட்பகுதியில். அதற்கும் உள்ளே, தடியை ஒட்டி, புதுப்பட்டையை வளர்க்கிற மெல்லிய சவ்வு இருக்கிறது. கத்தி அதற்கு ஒரு மில்லிமீட்டர் முன்னால் நின்றாக வேண்டும். புதியவர் கை செய்கிற தவறு எப்போதும் ஒன்றுதான்: முதலில் மேலோட்டமாகச் சீவும், பால் வரவில்லை என்றதும் அடுத்த இழுப்பில் அழுத்திவிடும். சவ்வில் பட்ட இடம் புண்ணாகி, முண்டும் முடிச்சுமாகப் பட்டை வளரும். சில வருடம் கழித்து வெட்டு அந்தப் பக்கம் திரும்பும்போது கத்தி ஒழுங்காக ஓடாது. பால் வெட்டின பள்ளத்தை விட்டு வெளியே வழிந்து வீணாகும். ஒரு நிமிடப் புகைப்படத்துக்காக ஒரு மரத்தை இப்படி ஆக்குவது எங்களுக்குப் பொறுக்கவில்லை.

வெட்டிப் பழக ஆசைப்படுகிறவர்களுக்கு வழி இருக்கிறது. முறிப்பதற்கு விலை பேசி வைத்திருக்கும் பழைய மரம் பக்கத்து விளைகளில் எங்காவது நிற்கும். அதில் எவ்வளவு வேண்டுமானாலும் இழுத்துப் பார்க்கட்டும். அதுவும் இல்லையென்றால் முறித்துப் போட்ட தடியின் பட்டையே போதும்.

உண்மையான பால்வெட்டைப் பார்க்க வேண்டுமானால் விடியலிலேயே விளைக்கு வந்துவிட வேண்டும். வெயில் ஏற ஏற இலைகள் நீரை இழுக்கும், பட்டைக்குள் அழுத்தம் குறையும், பால் ஓட்டமும் குறைந்துவிடும். ஹோட்டலில் காலை உணவை முடித்துவிட்டுப் பத்து மணிக்கு வந்து இறங்கும் குழு பார்ப்பது சிரட்டையில் நிற்கும் பாலைத்தான். ஆனால் அங்கிருந்து தொடங்கும் வேலை மாணவர்களுக்கு மிகவும் பொருத்தமானது. வாளியோடு மூடு மூடாகப் போய்ப் பால் எடுக்கலாம். சருகோ பட்டைத் துணுக்கோ விழாமல் சல்லடையில் வடிக்கலாம். பாலின் கெட்டியைப் பார்த்து ஒரு பங்குக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு தண்ணீர் சேர்க்க வேண்டும். ரப்பர் அளவு 12.5 சதவீதத்துக்கு வந்துவிட்டால், ஒரு தட்டில் ஊற்றும் 4 லிட்டர் அரைக்கிலோ ஷீட்டாக உறையும். நுரையை வழித்து எடுப்பதில் அவசரப்பட்டால் குமிழி உள்ளேயே தங்கி ஷீட்டின் தரம் குறைந்துவிடும். பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலத்தை மட்டும் விளைக்காரரே, தண்ணீரில் அமிலத்தை ஊற்றி, முன்கூட்டியே நீர்க்கச் செய்து வைத்திருக்க வேண்டும். செறிவான அமிலம் தோலைச் சுட்டுவிடும். அந்தக் கேனை மாணவர் கைக்கு எட்டும் இடத்தில் வைக்கவே கூடாது.

இன்று ஊற்றிய பால் நாளைக்குத்தான் ரோலருக்கு வரும். ஒரு நாள் விருந்தினர் அதைப் பார்க்க முடியாதே என்று அமிலத்தைக் கூட்டி அவசரமாக உறைய வைக்க வேண்டாம். முந்தைய நாள் ஊற்றி வைத்த தட்டுகளை அன்று காலை அவர்களைக் கொண்டு அழுத்தச் செய்தால் போதும். சாதா ரோலரில் மெல்ல மெல்ல மெலியவிட்டு, கடைசியில் வரி ரோலரில் விட்டால் மூன்று மில்லிமீட்டர் கனத்தில் வரும். தள்ளுகிறவர் ஒருவர், சக்கரம் சுற்றுகிறவர் ஒருவர் என்று இருவர் நிற்கும் இடத்தில்தான் விரல் நசுங்குகிறது. தள்ளுகிறவர் வாய் திறந்து சொன்ன பிறகே சக்கரம் சுழல வேண்டும். துப்பட்டா, தொங்கும் சட்டைக் கை, விரித்த தலைமுடி எதுவும் பக்கத்தில் வரக்கூடாது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பால் வெட்டுகிறவருக்குக் கூலி மூட்டுக் கணக்கில். ஒரு காலையில் முந்நூறு மூடு முடிக்கிறவர், இருபது பேருக்கு நின்று காட்டிக் கொடுத்தால் நூற்றைம்பதுகூட முடிக்க மாட்டார். வெட்டாமல் விடுபட்ட மூடுகளுக்கான கூலியும், சொல்லிக் கொடுத்ததற்குத் தனித் தொகையும் அவருக்குச் சேர வேண்டும். அந்த நாளின் ஆசிரியர் அவர்தான். ஏற்பாட்டாளர் விளைக்காரருக்குக் கொடுக்கும் பணத்தில் இந்தப் பங்கு முதலிலேயே பேசி முடிவாக வேண்டும்.

அடுத்தது வாழை. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற மட்டியும், ஏத்தனும், செந்துளுவனும், ரசகதலியும் நிற்கிற விளைக்குள் கால் வைக்கும் முன் காலணியைப் பாருங்கள். வாழையை அழிக்கும் பனாமா வாடல் பூஞ்சை மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். அதைக் கொல்ல மருந்து இல்லை. அதன் கொடிய வகையான டி.ஆர்.4, 2015-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து தோட்டங்களிலும் 2019-இல் கொலம்பியாவிலும் கண்டறியப்பட்டது. பீகார், உத்தரப் பிரதேசத்திலும் வந்துவிட்டது. சுற்றிப் பயணம் செய்கிற மாணவர் போன வாரம் எந்த நாட்டில் எந்தத் தோட்டத்தில் நின்றார் என்று நமக்குத் தெரியாது. ஷூவின் அடிப்பள்ளத்தில் ஒட்டியிருக்கும் ஒரு சிட்டிகை மண் போதும்.

மருந்துத் தொட்டியில் காலை நனைத்தால் சரியாகிவிடும் என்று நினைப்பது தவறு. சேறு ஒட்டியிருந்தால் மருந்து அதிலேயே வீரியம் இழந்துவிடும். பிரஷ்ஷால் மண்ணை முழுக்கத் தேய்த்து எடுத்த பிறகுதான் நனைக்க வேண்டும். இதைவிட நிச்சயமான வழி, விளையிலேயே தங்கிவிடுகிற கம்பூட்களை வாங்கி வைப்பது. நம் ஊர்க் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 7, 8 அளவுகள் பலருக்குப் போதாது. 10, 11, 12 சொல்லி வைத்து வாங்க வேண்டும். மண்வெட்டியும் கத்தியும்கூட விளையுடையதாகவே இருக்கட்டும். மாணவர்களுக்கும் இதில் நன்மை உண்டு. பயணத்தில் பண்ணைக்குப் போனீர்களா என்று ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் விமான நிலையப் படிவத்திலேயே கேட்கிறார்கள். உண்மையை எழுதிவிட்டு, சுத்தமான காலணியைக் காட்டினால் சிக்கல் இருக்காது.

நடவு நாள் அமைந்தால் கன்று தேர்ந்தெடுப்பதையே வேலையாகக் கொடுங்கள். அகன்ற இலையோடு பார்க்க அழகாக நிற்கும் தண்ணீர்க்கன்றுக்குத்தான் எல்லோருடைய கையும் போகும். அது தாய்க்கிழங்கோடு சரியாக ஒட்டி வளராதது, குலை சிறுக்கும். கூரிய இலையுள்ள ஈட்டிக்கன்று, ஒன்றரை முதல் இரண்டு கிலோ கிழங்கு, அதுதான் வேண்டும். வேரைச் சீவும்போது கிழங்கில் வண்டு துளைத்த பாதையோ செம்பழுப்புப் புள்ளியோ தெரிந்தால் தயங்காமல் ஒதுக்க வேண்டும். ஒன்றரை அடிக் குழியில் நட்டு, சுற்றிலும் மண்ணை நன்றாக மிதிக்க வேண்டும். இடைவெளி விட்டால் தண்ணீர் தேங்கிக் கிழங்கு அழுகும். குருணை மருந்து போடும் வேலை மாணவருக்கு வேண்டவே வேண்டாம். வாழைக்கறை துணியில் பட்டால் போகாது என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

சுற்றுலா விசாவில் வருகிறவர்களுக்குக் கூலி எந்த வடிவிலும் கொடுக்கக் கூடாது. மதியம் மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் கொடுத்து உபசரிப்பது வேறு. இரவு தங்க வைத்தால் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் வெளிநாட்டவர் பதிவைச் செய்தாக வேண்டும். வீட்டில் இலவசமாகத் தங்க வைத்தாலும் இது பொருந்தும்.

பிப்ரவரியில் தேதி கேட்டால் ரப்பர் வேலை இல்லை என்று நேராகச் சொல்லுங்கள். இலை உதிர்ந்து தளிர்க்கும் அந்தக் காலத்தில் மரத்துக்கு ஓய்வு வேண்டும். அப்போது அவர்களைத் தேனீப் பெட்டிகளுக்கு அனுப்பலாம். ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதல்ல. இளந்தளிர் இலைக்காம்பின் நுனிச் சுரப்பியில் ஊறுவது. முக்கால் பங்காவது மூடிய அடைகளைத்தான் எடுக்க வேண்டும்; இல்லையேல் ஈரம் மிகுந்து தேன் புளிக்கும். பிழியும் இயந்திரத்தை மெதுவாகச் சுற்றத் தொடங்கினால் அடை உடையாமல் பெட்டிக்கே திரும்பும். வாசனைத் திரவியமும் கறுப்பு உடையும் வேண்டாம். கொட்டிவிட்டால் கொடுக்கை உடனே நகத்தால் வழித்துவிட வேண்டும். கொட்டினால் மூச்சுத் திணறும் ஒவ்வாமை யாருக்காவது உண்டா என்று பயணம் கிளம்பும் முன்பே எழுதிக் கேட்டு வாங்குங்கள். அப்படிப்பட்டவரைப் பெட்டியருகே விடாமல், வீட்டுக்குள் கதவை மூடித் தேன் வடிகட்டும் வேலையில் வையுங்கள்.

இப்படிக்கு,
ரப்பர், வாழை விவசாயிகள் சிலர்,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்